கடையத் தெரிந்த கைகள்



சுயதொழில் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதும்போதெல்லாம் உங்கள் கடிதங்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "தையல், கோழி, ஆடு, மிளகாய்த் தூள். இவற்றை விட்டால் எங்களுக்கு வேறு தொழிலே இல்லையா?" நியாயமான கேள்விதான். 2009க்குப் பின்னர் எங்கள் கிராமங்களுக்கு வந்த வாழ்வாதார உதவிகளை நினைத்துப் பாருங்கள். ஒரே ஒழுங்கையில் நான்கு வீட்டுக்கு நான்கு தையல் மெசின் கொடுத்த இடங்கள் உண்டு. நான்கு பேரும் தைத்தால் யாருக்குத் தைப்பது? கொடுத்தவர்கள் நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள். ஆனால் பெண் என்றால் இன்ன தொழில்தான் என்ற எண்ணம் கொடுத்தவரிடமும் இருந்தது, வாங்கியவரிடமும் இருந்தது.

ஆகவே இம்முறை அந்தப் பட்டியலில் இல்லாத ஒரு தொழிலைப் பற்றி எழுதுகிறேன். மரத்துண்டை லேத் மெசினில் கடைந்து பேனை செய்யும் தொழில் அது. வன்னியில் ஒரு சிறிய தச்சுப் பட்டறையில் எட்டுப் பெண்கள் இரண்டு மாதம் இந்த வேலையைப் பழகினார்கள். வாரத்தில் இரண்டு நாட்கள் நானும் அங்கே போய் இருந்து பார்த்தேன். இதில் உள்ள நன்மையையும் சிக்கலையும் இரண்டையும் சொல்கிறேன். கேட்டுவிட்டு முடிவை நீங்கள் எடுங்கள்.

கடைதல் நமக்குப் புதிதா?

லேத் வேலையைத் தமிழில் கடைச்சல் என்போம். கடைதல் என்ற சொல் நமது அடுப்படியிலும் இருக்கிறது. தயிர் கடைகிறோம், கீரை கடைகிறோம். கடைகிற மத்தையே கடைச்சல்காரர் மரத்தில் கடைந்துதான் தந்தார். கட்டில் கால், பம்பரம், தொட்டில் சட்டம் எல்லாம் அப்படி வந்தவைதான். மோட்டார் வராத காலத்தில் மரத்தைச் சுற்றிக் கயிறு போட்டு, வில்லை முன்னும் பின்னும் இழுத்துச் சுழற்றினார்கள். மத்துக் கயிறு இழுப்பதும் அதே வேலைதானே? மோர் கடைவது பெண்ணின் வேலை, மரம் கடைவது ஆணின் வேலை என்று பிரித்தது மெசின் அல்ல. நாம்தான்.

"மிஸ், உதிலை கை வைச்சா கை போயிடும்" என்று முதல் நாள் ஒரு அக்கா பின்னுக்குப் போனார். அவர் இருபது வருடமாகத் தையல் மெசின் மிதித்தவர். விரலுக்கு அரை அங்குலத்தில் ஊசி ஓடும்போது பயப்படாத கை அது. இரண்டாவது கிழமையில் அந்த அக்காவின் உளி பிடிப்புத்தான் எட்டுப் பேரிலும் நிதானமாக இருந்தது. துணி இழுபடாமல் விட்டுப் பிடித்த பழக்கம் மரத்திலும் உதவியது. கடைச்சலுக்குப் பெரிய உடற்பலம் தேவையில்லை. சுழற்றும் வேலையை மோட்டார் பார்த்துக்கொள்ளும். உளி கூராக இருந்தால் மரம் சுருள் சுருளாக உரிந்து வரும். அழுத்த வேண்டி வந்தால் உளி மழுங்கிவிட்டது என்று அர்த்தம். நிறுத்திவிட்டுத் தீட்ட வேண்டியதுதான்.

இந்தியாவில் பெங்களூரிலிருந்து மைசூர் போகும் பாதையில் சன்னபட்டணா என்று ஓர் ஊர் உண்டு. வெட்பாலை மரத்தில் கடைந்த விளையாட்டுச் சாமான்களுக்குப் பேர் போன இடம். சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உராயும் சூட்டில் அரக்கு உருகி நிறமாகப் படியும். அங்கே பெண்களும் லேத்தில் வேலை செய்கிறார்கள். நமது நாட்டில் மாத்தளைப் பக்கத்து அரக்கு வேலையும் இதே இனந்தான்.

ஒரு பேனை உருவாகும் விதம்

சாதாரணமாகச் செய்யப்படும் மெல்லிய பேனைக்கு ஐந்து அங்குல நீளமும் முக்கால் அங்குலச் சதுரமும் உள்ள மரக்கட்டை போதும். அதை இரண்டாக வெட்டுவார்கள். ஒவ்வொரு துண்டின் நடுவிலும் 7 மில்லிமீற்றர் துளை போட்டு, அதற்குள் மெல்லிய பித்தளைக் குழாயைப் பசை பூசி நுழைப்பார்கள். துளை போடும்போது துளைக்கும் ஊசியை அடிக்கடி வெளியே எடுத்துத் தூளைத் தட்ட வேண்டும். அவசரப்பட்டு ஒரே மூச்சில் இறக்கினால் சூடேறி மரம் பிளக்கும்.

பசை நன்றாகக் காய்ந்த பின் இரண்டு முனைகளையும் செங்குத்தாகச் சீவி மட்டப்படுத்த வேண்டும். இதில் பிழைத்தால் கடைசியில் பேனை பூட்டும்போது இடைவெளி தெரியும். பிறகு இரண்டு துண்டையும் ஒரு மெல்லிய உருக்குத் தண்டில் கோத்து லேத்தில் பூட்டுவார்கள். துண்டுகளின் முனையில் அளவு வளையங்கள் இருக்கும். அந்த வளையத்தின் மட்டத்துக்கு மரம் வரும்வரை கடைய வேண்டும். அந்த மட்டத்துக்கு வந்ததும் பித்தளைக்கு மேல் முனையில் நிற்கும் மரம் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவுதான். அதனால்தான் கடைசிச் சீவலில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

கடைந்து முடிந்ததும் அரத்தாள் பிடிக்க வேண்டும். கடையில் சாண்ட் பேப்பர் என்று கேட்டால் தருவார்கள். 150 ஆம் இலக்கத்தில் தொடங்கி 220, 320, 400, 600 என்று ஏற வேண்டும். ஓர் இலக்கத்தைத் தாண்டிப் பாய்ந்தால் முந்தின தாளின் கீறல் அப்படியே நிற்கும். ஒவ்வொரு தாள் முடிந்ததும் மெசினை நிறுத்தி, மரத்தின் ரேகை ஓடும் பக்கமாக நீளவாட்டில் ஒருமுறை தேய்த்தால் வட்டக் கீறல் போய்விடும். அதன்பின் அவலரக்கு மெருகு அல்லது மெழுகு. இறுதியாக முனை, முறுக்கும் பாகம், நடு வளையம், கொளுக்கி ஆகியவற்றை வைஸில் வைத்து மெதுவாக அழுத்திப் பூட்டுவார்கள். சுத்தியலால் தட்டக் கூடாது. பழகிய கைக்கு ஒரு மணித்தியாலம், ஒன்றரை மணித்தியாலம். புதுக் கைக்கு ஒரு நாள்.

எந்த மரம், எங்கிருந்து?

பேனைக்காக ஒரு மரத்தையும் தறிக்கத் தேவையில்லை. தளபாடம் செய்யும் பட்டறையில் விறகுக்குப் போகும் துண்டுகளே தாராளம். முதிரை பொன்னிறமாக மினுங்கும். பலா மஞ்சளாக இருந்து நாளடைவில் மண்ணிறமாகும். பூவரசு, வேம்பு, புளி எல்லாம் கடையலாம். பனை வைரம் கறுப்புக் கோடுகளோடு மிக அழகாக இருக்கும். ஆனால் நார் நாராகப் பிய்யும். கடையும்போது இடையிடையே சுப்பர் குளூவை ஊறவிட்டு இறுக்கினால்தான் அடங்கும். முதல் மாதத்தில் பனையைத் தொடாமல் இருப்பது நல்லது. கருங்காலி பாதுகாக்கப்பட்ட மரம். யாராவது மலிவாகக் கொண்டுவந்து தந்தாலும் வாங்காதீர்கள்.

பச்சை மரம் உதவாது. அது காயக் காயச் சுருங்கும். உள்ளே இருக்கும் பித்தளை சுருங்காது. ஆகவே மரம் வெடிக்கும். கட்டைகளை வெட்டி, இரு முனையிலும் மெழுகு பூசி, நிழலில் சில மாதம் அடுக்கி வையுங்கள்.

எங்கள் பிரதேசத்துக்கென்று இன்னொரு கவனம் உண்டு. பங்கருக்குப் போட்ட பனங்குற்றி, உடைந்த வீட்டின் நிலை, யுத்த காலத்தில் காயப்பட்ட மரம் ஆகியவற்றில் எறிகணைச் சிதறல், சன்னம், ஆணி ஏதாவது புதைந்திருக்கலாம். மரஆலைக்காரர்களைக் கேட்டால் வாள் பல்லு உடைந்த கதை சொல்வார்கள். சுழலும் லேத்தில் உளி அதில் முட்டினால் ஆபத்து. காந்தத்தால் நாலு பக்கமும் தடவிப் பார்த்த பிறகே மெசினில் ஏற்றுங்கள். காந்தத்தில் பிடிபடாத உலோகமும் உண்டு, ஆகவே நிறம் மாறிய இடத்தையும் துளை தெரியும் இடத்தையும் வெட்டி எறியுங்கள். மரம் பொறுக்கவென்று மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள காணிக்குள் ஒருபோதும் போக வேண்டாம்.

கைக்கும் நெஞ்சுக்கும் காவல்

லேத் நிமிடத்துக்கு இரண்டாயிரம், மூவாயிரம் சுற்றுச் சுற்றும். அதன் முன்னால் தொங்குகிற எதுவும் கூடாது. சேலைத் தலைப்பு, சால்வை, நீளக்கை, காப்பு, மோதிரம் வேண்டாம். தாலிக்கொடி, சங்கிலியைச் சட்டைக்குள் இறுக்கமாகச் செருகுங்கள் அல்லது கழற்றி வையுங்கள். தலைமயிரைக் கொண்டை போட்டுத் துணியால் கட்டுங்கள். கையுறை போடக் கூடாது. அது சுற்றிக்கொண்டு விரலையும் இழுத்துவிடும். முகத்துக்குக் கண்ணாடி மூடி கட்டாயம். மெருகு பூசத் துணி வேண்டாம், மெல்லிய கடதாசி பாவியுங்கள். துணி விரலோடு சுற்றும். பருத்தித் துணியில் சுப்பர் குளூ கொட்டினால் அது சூடேறிப் புகையும்.

தூளைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 1995 இல் மரத்தூளைப் புற்றுநோயை உண்டாக்கும் பொருட்களோடு சேர்த்தது. அரத்தாள் பிடிக்கும்போது வரும் மெல்லிய தூள்தான் மிகவும் கெட்டது. நல்ல முகமூடி போடுங்கள். வேலை செய்யும் இடம் காற்றோட்டமாக இருக்கட்டும். முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் கடியைக் கொடுக்கும். வேலை முடிந்து கை முகம் கழுவி உடுப்பு மாற்றிய பிறகே பிள்ளையைத் தூக்குங்கள்.

இன்னொரு விடயம், இதைப் பயிற்சிப் புத்தகங்களில் காண மாட்டீர்கள். மெசின் வேகமெடுக்கும்போது ஒரு சீறல் சத்தம் வரும். மரம் வெடித்தால் படார் என்று கேட்கும். முதல் நாள் அப்படிக் கேட்டபோது இரண்டு பேர் வாங்குக்குக் கீழே குனிந்துவிட்டார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் விளங்கியது. அன்றிலிருந்து அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் வைத்தார்கள். மெசினைப் போடுகிறவர் "போடப்போறன்" என்று சத்தமாகச் சொல்லி, மற்றவர்கள் "ஓம்" என்று சொன்ன பிறகே சுவிச்சில் கை வைப்பார். சொல்லிவிட்டு வரும் சத்தம் அவ்வளவு பயமுறுத்துவதில்லை. அப்படியும் ஒரு சகோதரிக்கு ஒத்துவரவில்லை. அவர் மெசினுக்குத் தூரத்தில் இருந்து மெருகு பூசுவதையும் பூட்டுவதையும் எடுத்துக்கொண்டார். அந்த வேலைக்கும் சமமான கூலிதான் எழுதினார்கள். செயற்கைக் கால் பொருத்திய இன்னொருவர் உயரக் கதிரையில் இருந்து கடைந்தார்.

கணக்குப் பார்ப்போம்

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கொப்பியும் பேனையும் எடுத்துக்கொள்ளுங்கள். விலைகள் ஊருக்கு ஊர் மாறும். கணக்குப் போடும் முறையைப் பார்ப்பதற்காகச் சில தொகைகளை வைத்துக்கொள்வோம். ஒரு பேனையின் உலோக உதிரிப்பாகங்கள் 500 ரூபா. மரம் 30. பசை, அரத்தாள், மெருகு 70. மின்சாரமும் மெசின் தேய்மானமும் 50. உங்கள் உழைப்பு ஒன்றரை மணித்தியாலம், மணிக்கு 200 ரூபாவாக 300. மொத்தம் 950 ரூபா.

பலர் அந்த 300 ரூபாவை எழுதுவதேயில்லை. "வீட்டில் சும்மா இருக்கிற நேரந்தானே" என்பார்கள். நான் கிராமம் கிராமமாகப் போகிறேன், சும்மா இருக்கிற பெண்ணை இன்னும் காணவில்லை. உங்கள் நேரத்துக்கு நீங்களே விலை எழுதாவிட்டால் வாங்குகிறவர் எழுத மாட்டார்.

பத்துப் பேனையில் ஒன்று பிளந்து போனால்? பத்துக்கும் செலவு 9,500 ரூபா. மிஞ்சிய ஒன்பதும் அதைச் சுமக்க வேண்டும். ஒன்றுக்கு 1,055 ரூபாவுக்கு மேல் வருகிறது. கடையில் 1,500 ரூபாவுக்கு விற்கக் கொடுக்கிறீர்கள். கடைக்காரர் நூற்றுக்கு முப்பது எடுத்தால் உங்கள் கைக்கு வருவது 1,050. அதாவது ஒவ்வொரு பேனையிலும் ஐந்து ரூபா நட்டம்! "1,500 ரூபாவுக்குப் பேனை விற்கிறேன்" என்று வெளியில் சொன்னால் பெரிதாகத்தான் கேட்கும்.

உதிரிப்பாகங்கள் வெளிநாட்டிலிருந்து வருபவை. 2022 இல் ரூபா சரிந்தபோது இப்படி இறக்குமதியை நம்பிய தொழில்களெல்லாம் எப்படித் திணறின என்பதை நாங்கள் கண்டோம். ஆகவே உதிரிப்பாகம் இல்லாத சாமான்களையும் கூடவே கடைய வேண்டும். மத்து, பம்பரம், திறப்புக் கோர்க்கும் கட்டை, தையல்காரருக்கு நூல் பிரிக்கும் கருவியின் கைப்பிடி ஆகியவற்றுக்கு மரமும் உழைப்புந்தான் செலவு.

கடன் விடயத்தில் கண்டிப்பாகவே சொல்கிறேன். லேத் வாங்குவதற்கென்று கிழமைக்குக் கிழமை கட்டும் நுண்கடன் எடுக்காதீர்கள். அந்தக் கடன் எங்கள் பெண்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்பது உங்களுக்குத் தெரியும். 2018 இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபா வரையான பெண்களின் நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கம் முன்வர வேண்டியிருந்தது. 2021 இல் ஹிங்குராக்கொடையில் நுண்கடனுக்கு எதிராகப் பெண்கள் 50 நாட்களுக்கு மேல் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். பேனை ஒரு கிழமை விற்கும், மறு கிழமை விற்காது. தவணை அப்படியல்ல, ஒவ்வொரு கிழமையும் படலைக்கு வரும்.

அனுதாபத்துக்கு விலை போட வேண்டாம்

கடையில் சில பத்து ரூபாவுக்குப் பேனை கிடைக்கும்போது 1,500 ரூபா கொடுப்பவர் யார்? எழுதுவதற்கென்று வாங்குகிறவர் அல்ல, பரிசு கொடுக்க வாங்குகிறவர். ஓய்வுபெறும் ஆசிரியருக்கு, பல்கலைக்கழகம் போகும் பிள்ளைக்கு, பாடசாலைப் பரிசளிப்பு விழாவுக்கு, திருமணத்துக்கு, ஊர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் உறவினருக்கு. சிலர் தங்கள் மரத்தையே கொண்டுவருவார்கள். உடைந்துபோன வீட்டில் மிஞ்சிய நிலைத் துண்டு ஒன்றைப் பழைய துணியில் சுற்றிக் கொண்டுவந்த ஒரு தாயைப் பார்த்தேன். மூன்று பிள்ளைகளுக்கு மூன்று பேனை கேட்டார். அதைக் கடைந்த சகோதரி அன்று முழுக்க வேறு ஒரு கட்டையையும் தொடவில்லை. அந்த வேலைக்கு அந்தத் தாய் விலை பேசவுமில்லை.

பட்டறையின் பேனைகள் முதன்முதலில் ஒரு விற்பனைக் கண்காட்சிக்குப் போயின. ஏற்பாடு செய்தவர்கள் மேசையில் ஓர் அட்டை வைத்திருந்தார்கள். "யுத்தத்தில் கணவரை இழந்த பெண்களின் கைவண்ணம்" என்று அதில் இருந்தது. நான் முன்பு சொன்ன அதே அக்கா அட்டையை எடுத்துக் குப்புற வைத்தார். "பிழையா நினையாதேங்கோ. நான் மனிசனை இழந்தது உண்மை. ஆனா இந்தப் பேனைக்கும் அதுக்கும் என்ன? மரம் முதிரை, கடைஞ்சது நான். அதை எழுதுங்கோ."

ஏற்பாட்டாளர்களுக்கு முகம் சுருங்கியது. அந்த அட்டை இருந்தால் கூட விற்கும் என்றார்கள். உண்மையாகவும் இருக்கலாம். அன்று பின்னேரம்வரை பதினொரு பேனைகள்தான் விற்றன. ஆனாலும் அந்த அக்கா சொன்னது வியாபாரத்திலும் சரி என்றே நான் நினைக்கிறேன். பாவம் பார்த்து வாங்குகிறவர் ஒருமுறைதான் வாங்குவார். பேனை பழுதானால் திருப்பிக் கொண்டுவரவும் மாட்டார். மேசை இலாச்சிக்குள் போட்டுவிட்டு, பாவங்கள் என்று பேசாமல் இருப்பார். பொருளை மதித்து வாங்கியவர்தான் "கொளுக்கி இளகிவிட்டது" என்று சண்டைக்கு வருவார். அப்படி ஒருவர் வந்தார். பட்டறையில் பூட்டிக் கொடுத்தார்கள். பிறகு அவரே இன்னும் நான்கு பேனைக்குச் சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் இழப்பை மறைக்க வேண்டியதில்லை. அதைக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்க வேண்டும். காணாமல் ஆக்கப்பட்டவருக்காகவும் காணிக்காகவும் வீதியில் இருந்து கேட்கிறோம், கேட்கத்தான் வேண்டும். அது உரிமை. அதை விலைச்சீட்டில் ஒட்டினால் உரிமை பிச்சையாகிவிடும். இப்போது அந்தப் பேனைகளோடு ஒரு சிறிய சீட்டு மட்டும் போகிறது. மரத்தின் பெயர், மரம் கிடைத்த ஊர், கடைந்தவர் விரும்பினால் அவருடைய பெயர், பழுது வந்தால் திருத்தித் தருவோம் என்ற ஒரு வரி.

எப்படித் தொடங்குவது?

தனியாகத் தொடங்காதீர்கள். நாலைந்து பேர் சேருங்கள். உங்கள் கிராமத்து மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் பேசுங்கள். முதலில் பக்கத்துத் தச்சுப் பட்டறையில் லேத் இருந்தால் வாடகைக்கு நேரம் கேட்டுப் பழகுங்கள். தொழிற்பயிற்சி அதிகாரசபை நிலையத்தில் மரவேலைப் பயிற்சி நடக்கிறதா என்று விசாரியுங்கள். பெண்களுக்கு இடம் உண்டா என்று கேட்க வேண்டாம், எப்போது தொடங்குகிறது என்று கேளுங்கள். பிரதேச செயலகத்தில் உள்ள பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடமும் கைத்தொழில் அபிவிருத்திச் சபையிடமும் உபகரண உதவி பற்றிக் கேட்கலாம்.

முதல் இருபது பேனையை விற்க நினைக்காதீர்கள். பழகுவதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். இருபத்தோராவது பேனையால் ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். கை நோகாமல் எழுதினால், பூட்டில் இடைவெளி இல்லாவிட்டால், உங்கள் பிள்ளையே அதைக் கேட்டுப் பறித்தால், அதற்கு விலை போடலாம். விலை போடும்போது உங்கள் ஒன்றரை மணித்தியாலத்தை முதலில் எழுதுங்கள், மற்றதையெல்லாம் அதற்குக் கீழே எழுதுங்கள்.

உங்கள் ஊரில் யாராவது பெண் கடைச்சல் வேலை செய்தால், அல்லது பெண் என்பதால் ஏதாவது பட்டறையில் திருப்பி அனுப்பப்பட்டிருந்தால் எழுதுங்கள். பெயர் போட விருப்பமில்லாவிட்டால் போட மாட்டோம். அடுத்த இதழில் வரவு செலவுக் கொப்பி எழுதும் முறையைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.